கொல்கத்தாவில் ஒரு நாள் ஓய்வு: தனியாகப் போகும் பெண் எப்படிச் சுற்றுவது?

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஆம்பூரிலிருந்து போன் செய்தாள். டிசம்பரில் அவளுக்கு முதல் கொல்கத்தா பயணம். "அக்கா, வியாழக்கிழமையோட மீட்டிங் முடிஞ்சிரும். வெள்ளிக்கிழமை ராத்திரிதான் ப்ளைட்டு. நடுவுல ஒரு பகல் முழுக்க சும்மா இருக்கு. ரூம்லயே படுத்துக்கவா, எங்கயாவது போகவா?"

இதே கேள்வியை இதற்கு முன்பும் நாலைந்து பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தோல் பதனிடும் ரசாயனங்களை விற்கும் வேலை எனக்கு. வருடத்தில் மூன்று நான்கு முறை கொல்கத்தா போகிறேன். அங்கே டாங்ரா, தில்ஜலா, தோப்சியா பக்கம் இருந்த டேனரிகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளை, ஊருக்கு வெளியே மாற்றச் சொல்லி 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு தொழில் கிழக்கே பான்தலாவுக்கு நகர்ந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குப் பான்தலா பழகிய பெயர்தான். ஆனால் அங்கே போய்வரும் பெண்களில் பலர் விமான நிலையம், ஓட்டல், டேனரி இந்த மூன்றைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் திரும்பினேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ரூமில் படுத்துக்கொள்வது என்ற யோசனையை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். மீதம் நான்கு வழிகள்: மெட்ரோவும் நடையுமாகத் தனியே போவது, நாள் வாடகைக்குக் கார் எடுப்பது, வழிகாட்டியோடு நடப்பது, உள்ளூர் தோழியோடு போவது.

## எதை வைத்து எடை போடுவது?

எல்லோரும் முதலில் கேட்பது "பாதுகாப்பா இருக்குமா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதை அப்படியே கேட்டால் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. நான் அதை நான்காகப் பிரித்துக்கொள்கிறேன்.

வெளிச்சம். கொல்கத்தா நாட்டின் கிழக்கில் இருக்கிறது, கடிகாரமோ நம்முடையதேதான். டிசம்பர் முதல் வாரத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அப்போது இன்னும் முக்கால் மணி நேரப் பகல் பாக்கி இருக்கும். ஐந்து மணிக்கு வேலை முடிந்து "சாயங்காலம் ஒரு சுற்று சுற்றலாம்" என்று கிளம்பினால், கிளம்பும்போதே இரவு. காலையில் இது அப்படியே நமக்குச் சாதகம். மே மாதம் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், டிசம்பரில் ஆறு மணிக்கு மேல்.

திரும்பும் வழி. போகிற இடத்திலிருந்து, யாரையும் கேட்காமல், நினைத்த நிமிடத்தில் கிளம்ப முடியுமா? எனக்கு இதுதான் மற்ற மூன்றையும்விடப் பெரியது. வேறொருவர் கையில் சாவி இருக்கிற எந்த ஏற்பாடும் எவ்வளவு சொகுசாக இருந்தாலும் எனக்குப் பாதி மதிப்பெண்தான்.

கழிப்பறை. பயணக் குறிப்பு எழுதும் ஆண்கள் இதைத் தொடுவதே இல்லை. பெண்கள் இதற்காகத் தண்ணீர் குடிக்காமலே அலைந்து மாலையில் தலைவலியோடு படுக்கிறார்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் அன்றைய திட்டமே இதைச் சுற்றித்தான்.

பை. வேலையாகப் போனவளுக்கு லேப்டாப் இருக்கும். எனக்கு அதற்கு மேல் நான்கு கிலோ தோல் சாம்பிளும், நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டும். அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எந்த ஊரையும் ரசிக்க முடியாது.

பணத்தை ஐந்தாவதாகத்தான் வைப்பேன். நான்கு வழிகளிலும் மறைந்திருக்கும் செலவை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## மெட்ரோவும் நடையும்

நான் இப்போது போவது இப்படித்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-இல் ஓடியது இந்த ஊரில்தான். வடக்கே தட்சிணேஸ்வரிலிருந்து தெற்கு நோக்கி ஓடும் நீலத் தடம் ஊரின் முதுகெலும்பு மாதிரி. ஷோபாபஜார், மகாத்மா காந்தி ரோடு, எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட், காளிகாட் என்று பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக அதன் மேல் வந்துவிடும். குறுக்கே ஓடும் பச்சைத் தடம் ஹவுரா மைதானத்தையும் சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரையும் இணைக்கிறது. நடுவில் விட்டுப்போயிருந்த எஸ்பிளனேடு–சியால்டா பகுதி 2025 ஆகஸ்டில் திறந்த பிறகு, ஐ.டி. வேலையாக ஐந்தாம் செக்டாரில் தங்குகிறவர்களுக்கு இந்த வழி கைக்குள் வந்துவிட்டது. கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது.

பெண்களுக்குத் தனிப் பெட்டி கிடையாது. பெட்டிக்குள் பெண்கள் இருக்கை என்று எழுதிய இடங்கள் உண்டு. அங்கே ஆண் யாராவது உட்கார்ந்திருந்தால், எதிரே போய் நின்றாலே பெரும்பாலும் எழுந்துவிடுவார். எழாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பெண்களே சொல்லி எழுப்பிவிடுவார்கள். அந்த ஊர்ப் பெண்களின் குரலை நம்பிப் போகலாம் என்பது என் அனுபவம்.

நான் திரும்பத் திரும்பப் போகும் காலை ஒன்றைச் சொல்கிறேன். விடிகிற நேரத்தில் செயலியில் டாக்சி பிடித்து ஹவுரா பாலத்தின் கொல்கத்தா பக்க அடிவாரத்தில் இறங்குவேன். அங்கே மல்லிக் காட் பூச்சந்தை. சாமந்தியைத் தொடுத்து, மலைப்பாம்பு மாதிரிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். தலையில் மூட்டையோடு ஓடி வருகிறவர் "ஷோரே, ஷோரே" என்று கத்துவார். விலகு என்று அர்த்தம். உடனே விலகிவிட வேண்டும், அவரால் நிற்க முடியாது. தரை முழுக்க நசுங்கிய பூவும் சேறும். பிடிப்புள்ள செருப்பு இல்லாவிட்டால் வழுக்கும். கூட்டம் நெருக்கும், பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து படி ஏறினால் பாலம். 1943-இல் திறந்தது, ஆற்றுக்கு நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. வேலைக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து ஹவுரா பக்கம் போனால் ரயில் நிலையத்தின் அடியிலேயே மெட்ரோ. அது ஹூக்ளி ஆற்றின் அடியில் முக்கால் நிமிடத்தில் கடந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விடும். எஸ்பிளனேடில் மாறி பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கினால், எட்டரைக்கு ஓட்டலில் குளித்துவிட்டு மீட்டிங்குக்குத் தயார்.

போகும்போது டாக்சி, வரும்போது மெட்ரோ என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. மெட்ரோ வார நாளில் ஏழு மணியை ஒட்டித்தான் ஓடத் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை ஒன்பதை ஒட்டி. விடியலை அதை நம்பிப் பிடிக்க முடியாது.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு கழிப்பறையும் களைப்பும். வடக்குக் கொல்கத்தாவில் நடந்தால் நம்பிப் போகக்கூடிய இடம் அரிது. எல்லா மெட்ரோ நிலையத்திலும் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இந்திய அருங்காட்சியகம், பார்க் ஸ்ட்ரீட் உணவகங்கள், பெரிய மால்கள், இவற்றைக் கணக்கில் வைத்துப் பாதையை வகுப்பேன். மெட்ரோவிலிருந்து உள்ளே போக ஆட்டோ எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: அங்கே ஆட்டோ நம் ஊர் ஷேர் ஆட்டோ போலக் குறித்த தடத்தில்தான் ஓடும். பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர். முன் இடம் மட்டும்தான் காலி என்றால் விட்டுவிடுங்கள், அடுத்தது வரும்.

இந்த வழியை எப்போது எடுக்கக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு டிசம்பரில் பான்தலாவில் நாலரைக்கு வேலை முடிந்தது. களிமண் சிலை செய்கிறவர்களின் பகுதியான குமார்டூலியைப் பார்த்தே தீருவது என்று ஷோபாபஜார் போய் இறங்கினேன். இருட்டிவிட்டது. தோளில் சாம்பிள் பை, போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். சிலை செய்யும் சந்துக்குள் நுழையும்போதே ஒரு ஆள் பின்னால் வருவது தெரிந்தது. நான் நின்றால் அவனும் நின்றான். இரண்டு திருப்பம் கழிந்தும் விடவில்லை. விளக்கு எரிந்த முதல் இனிப்புக் கடைக்குள் ஏறிவிட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்ததும் "கீ ஹொயேச்சே, தீதி?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று. நான் வாசலைக் காட்டினேன். அவர் வெளியே போய் நின்றார். அவ்வளவுதான், அந்த ஆள் போய்விட்டான். பெரியவர் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போனைச் சார்ஜில் போட்டு, டாக்சி வந்து நான் ஏறும்வரை வாசலிலேயே நின்றார். சந்தேஷ் வாங்கியதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தவறு அந்த ஆளுடையது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வெளிச்சம், திரும்பும் வழி, பை மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். அதே குமார்டூலிக்கு அடுத்த முறை காலை எட்டு மணிக்குப் போனேன். வைக்கோலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய உடல்கள் தலையில்லாமல் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒரு சிறுவன் காலால் களிமண் மிதித்துக்கொண்டிருந்தான். வாசலில் இருந்த ரோக்கில், நம் திண்ணை மாதிரி, மூன்று தாத்தாக்கள் பேப்பர் படித்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

## நாள் வாடகைக் கார்

எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர். எல்லா ஊரிலும் இதுதான் கணக்கு. எனக்குக் கடைசியாக வந்த பில் 2,500 ரூபாயை ஒட்டி இருந்தது. மணி கூடினால், கிலோமீட்டர் கூடினால் தனி. பார்க்கிங் தனி.

இதன் பெரிய பலம் பை. அறையைக் காலி செய்துவிட்டு இரவு விமானத்துக்குக் காத்திருக்கும் நாளில் பெட்டியோடு சுற்ற வேறு வழி இல்லை. தட்சிணேஸ்வர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேலூர் மடம், திரும்பி விக்டோரியா மெமோரியல் என்று தூரம் தூரமாக இருக்கும் இடங்களுக்கும் இதுவே சரி. பேலூர் மடம் நடுப்பகலில் பல மணி நேரம் மூடியிருக்கும், அதைப் பார்த்து நேரம் வையுங்கள். வயதானவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் நான் காரைத்தான் சொல்வேன்.

ஆனால் கார் கொல்கத்தாவின் பாதியைக் காட்டாது. வடக்கே இருக்கும் சந்துகளுக்குள் அது நுழையாது. ஊரில் பல சாலைகள் காலையில் ஒரு திசையிலும், மதியத்துக்கு மேல் எதிர்த் திசையிலும் ஒருவழிப் பாதை. கண்ணுக்கு எதிரே தெரியும் இடத்துக்குப் போக இருபது நிமிடம் சுற்ற வேண்டியிருக்கும். கேட்காமலே "நல்ல புடவைக் கடை" என்று கொண்டுபோய் நிறுத்தும் டிரைவர்களும் உண்டு. "லாக்பே நா" என்ற இரண்டு சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். வேண்டாம், தேவையில்லை என்று பொருள். சிரிக்காமல், கோபப்படாமல் சொன்னால் போதும்.

வாடிக்கையாளர் கம்பெனியே "எங்க வண்டி இருக்கு, எடுத்துக்கோங்க மேடம்" என்று அனுப்பும் கார் வேறு கதை. அதற்குப் பணம் இல்லை, விலை உண்டு. ஒருமுறை அப்படிப் போய்வந்த மறுநாள், மீட்டிங்கில் எதிரே உட்கார்ந்தவர் நான் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விலை பேச வேண்டிய மேசையில் என் சொந்த நேரம் அவர் கையில் இருந்தது. அன்றோடு வாடிக்கையாளர் வண்டியை வேலைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். பெண் என்பதால் இந்தக் கணக்கெடுப்பு நமக்குக் கூடுதலாகவே நடக்கும்.

## வழிகாட்டியோடு காலை நடை

முதல் முறை போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பழைய டால்ஹௌசி, கல்லூரித் தெரு, குமார்டூலி, சீனர்களின் காலை உணவு விற்கும் டிரெட்டி பஜார் என்று பகுதி பகுதியாக நடத்திக் காட்டுகிறார்கள். பெண் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள், முன்பதிவில் கேட்டால் கிடைக்கும். கழிப்பறை எங்கே என்பது வழிகாட்டிக்குத் தெரியும். இது ஒன்றுக்காகவே பணம் தகும்.

மறைந்திருக்கும் செலவு தனி ஆள் கட்டணம். "குறைந்தது இருவர்" என்று விலை வைத்திருந்தால், ஒருத்தியாகப் போனாலும் இரண்டு பேர் காசு. குழு நடையில் சேர்ந்தால் இது குறையும். ஆனால் குழுக்கள் பெரும்பாலும் சனி ஞாயிறில், நமக்குக் கிடைக்கும் ஓய்வோ வார நாளில். இன்னொன்று, நடை முடியும் இடம் தொடங்கிய இடமாக இருக்காது. எங்கே முடியும், பக்கத்தில் எந்த மெட்ரோ என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி இதில் பாதிதான் நம் கையில். பிடித்த இடத்தில் நின்றுவிட முடியாது. பாக்பஜார் போஸ்பாரா சந்தில் விவேகானந்தரின் சீடர் சகோதரி நிவேதிதா வாழ்ந்த வீடு அப்படி எனக்கு விட்டுப்போனது. பாரதி நிவேதிதாவைச் சந்தித்தபோது, "உங்கள் மனைவியை ஏன் அழைத்து வரவில்லை?" என்று கேட்டு அவரைத் தலைகுனிய வைத்தவர் அவர். அந்த வாசலில் ஐந்து நிமிடம் நிற்க எனக்கு ஆசை. குழு ஏற்கெனவே முன்னால் போய்விட்டது. அடுத்த பயணத்தில் தனியாகப் போய் நின்றேன்.

## உள்ளூர் தோழியோடு

மாலைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. இருட்டிய பிறகு ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பெண்ணோடு பாருங்கள். எங்கள் டீலர் அலுவலகக் கணக்குப் பிரிவுத் தோழி ஒருத்தி என்னைக் கல்லூரித் தெரு காபி ஹவுஸுக்கு அழைத்துப் போனாள். மாடியில் விசிறி சுற்றும் உயரமான கூடத்தில் ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினோம். எழுந்து போகச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. பெண்கள் சத்தமாக வாதாடுவது அங்கே வழக்கமான காட்சி.

பதிலுக்கு நான் அவளை லேக் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். காளிகாட் மெட்ரோவில் இறங்கி ராஷ்பிஹாரி அவென்யூவில் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி. வாழையிலை, மல்லிகைச் சரம், காபிப் பொடி எல்லாம் கிடைக்கும். கொல்கத்தாவில் பிறந்தவளுக்கு அது புது இடம்.

இதன் செலவு நேரமும் கடமைப்பாடும். அவள் வேலை முடித்து, வீட்டுக்குச் சொல்லி, சமையலை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருகிறாள். நமக்குப் பொழுதுபோக்கு, அவளுக்கு ஒரு மாலை. "சீக்கிரம் போய்ப் படுக்கணும்" என்று இடையில் எழ முடியாது. அடுத்து அவள் சென்னை வந்தால் நாம் லீவு போட வேண்டும், போடுவதுதான் முறை. ஆண் சகாவாக இருந்தால், பழகிய குடும்பமாக இல்லாதவரை, நான் பகல் காபியோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் நல்லவரா இல்லையா என்பதல்ல விஷயம். கிளம்பும் நேரத்தை நான் தீர்மானிக்க முடிவதில்லை.

## யாருக்கு எது?

முதல் பயணம், வார இறுதியில் ஒரு காலை இருக்கிறது என்றால் வழிகாட்டி நடை. இரண்டாம் முறையிலிருந்து மெட்ரோவும் நடையும். கையில் பெட்டி, இரவு விமானம் என்றால் மதியத்திலிருந்து கார். மாலை மட்டும்தான் ஓய்வு என்றால் தோழி, அவள் கிடைக்காவிட்டால் பார்க் ஸ்ட்ரீட் அளவோடு நிற்பது. அங்கே இரவு வெகுநேரம் விளக்கும் ஆளும் இருக்கும்.

கிழமையையும் பார்க்க வேண்டும். திங்களன்று அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். விக்டோரியா மெமோரியலில் அன்று தோட்டம் மட்டும்தான். அன்னை தெரசா இல்லம் வியாழனன்று பார்வையாளருக்கு இல்லை. கல்லூரித் தெருப் புத்தகக் கடைகள் ஞாயிறு மூடிக் கிடக்கும். காளிகாட் கோயிலுக்கு மட்டும் தனியாகப் போக வேண்டாம் என்பேன். வாசலிலேயே பண்டாக்கள், அதாவது பூசை செய்து தருவதாக அழைக்கும் பூசாரிகள், கையைப் பிடிக்காத குறையாகச் சூழ்வார்கள். தனிப் பெண்ணைக் கண்டால் விடவே மாட்டார்கள். எதில் போனாலும் டாக்சி எண்ணை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, இரண்டும் போனில் பதிவாகி இருக்கட்டும்.

ஆம்பூர்ப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை வார நாள், குழு நடை கிடைக்கவில்லை. அதனால் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். காலை பூச்சந்தை, பாலம், ஆற்றடி மெட்ரோ, ஓட்டலுக்குத் திரும்பிக் குளியல். பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு கார். விக்டோரியா, அருங்காட்சியகம், லேக் மார்க்கெட்டில் அம்மாவுக்கு ஏதாவது. ஐந்து மணிக்கு இருட்டும்போது அவள் விமான நிலையச் சாலையில் இருக்க வேண்டும்.

"காலைல அவ்ளோ சீக்கிரம் தனியா போகவா அக்கா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் அங்கே பூக்கட்டும் பெண்களே நூறு பேர் இருப்பார்கள் என்றேன். ஐந்தே முக்காலுக்கு டாக்சி சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், டிசம்பரில் அந்தப் பாலத்தின் மேல் காற்று குளிரும்.